மூன்று ஏக்கரில் தேக்கு நடலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரம் பற்றியவை. செம்பனைக்கு ஆள் கிடைப்பதில்லை, ரப்பர் பால் விலை கட்டுப்படியாகவில்லை, மரத்தை நட்டுவிட்டால் சும்மா இருக்கலாமே என்று பலர் யோசிக்கிறார்கள். அந்தச் சும்மா இருப்பதைப் பற்றித்தான் இந்த முறை நிறைய எழுதவேண்டி வந்தது. மாடு, காய்கறி பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் கட்டாயம்.

கேள்வி: ஐயா, முப்பத்தைந்து வருடம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே மூன்று ஏக்கர் பழைய ரப்பர் நிலம் இருக்கிறது. ஒரு ஏஜண்ட் வந்து, தேக்கு நட்டால் பதினைந்து வருடத்தில் ஒவ்வொரு மரமும் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகும், ஏக்கருக்கு நானூறு மரம், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள் என்கிறார். மகனும் நடச் சொல்கிறான். நடலாமா?
(சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: அண்ணே, அந்த ஏஜண்டின் பெருக்கல் சரிதான். நட்ட நானூறும் பதினைந்தாம் வருடம் அப்படியே நிற்கும் என்றாரே, தப்பு அங்கேதான் இருக்கிறது. பத்தடிக்குப் பத்தடி நட்டால் ஏக்கருக்கு 435 மரம் வரும், அதில் கடைசிவரை வைத்து வளர்க்க வேண்டியது அறுபதிலிருந்து நூற்றிருபது மரம்தான். மற்றதை நடுவிலேயே வெட்டிவிட வேண்டும். முதல் வெட்டு மரம் முப்பதடி உயரம் வந்ததுமே, அதாவது நாலைந்து வருடத்தில், கிட்டத்தட்ட பாதியை எடுத்துவிட வேண்டும். அந்த வயதில் வெட்டிய மரத்தை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள், பந்தல் காலுக்கு ஆகும், அவ்வளவுதான். இந்த விஷயத்தை எந்த ஏஜண்டும் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

ஏன் வெட்ட வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நம் மலேசியாவில் பழைய மர வியாபாரிகள் இன்னும் ஹோப்பஸ் கணக்கில்தான் பேசுவார்கள். உருட்டு மரத்தின் நடுவில் டேப்பைச் சுற்றி அங்குலத்தில் அளந்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, 144ஆல் வகுத்து, நீளத்தின் அடியால் பெருக்க வேண்டும். சுற்றளவு 24 அங்குலம், நீளம் 15 அடி என்றால் நாலுகூட வராது, 3.75 ஹோப்பஸ் அடி. சுற்றளவு 48 ஆக இருந்தால் 15 அடி. சுற்றளவு இரண்டு மடங்கானால் மரம் நாலு மடங்கு. ஐம்பது ஹோப்பஸ் அடி சேர்ந்தால்தான் ஒரு டன். ஆக, ஒல்லியாக நானூறு மரம் நிற்பதைவிடத் தடித்த நூறு மரம் நிற்பதுதான் காசு. அதிலும் தேக்கில் விலை போவது நடுவில் இருக்கும் பழுப்பு வைரத்துக்குத்தான். வெளுத்த வெளிமரத்தைக் கரையான் தின்னும். இளமரத்தை வெட்டிப் பார்த்தால் பெரும்பகுதி அந்த வெளுப்புதான்.

இதை ஏட்டில் படித்துவிட்டு எழுதவில்லை. 1990களின் கடைசியில் நானும் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் அறுநூறு தேக்கு நட்டேன். முதல் இரண்டு வருடம் அதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும். இலை முறம் அகலம் வரும், கொழுந்து இலையைக் கசக்கினால் விரலெல்லாம் சிவப்பாகிவிடும், பிள்ளைகள் அதை மருதாணி என்று சொல்லி விளையாடுவார்கள். ஐந்தாம் வருடம் மேலே கிளைகள் ஒன்றோடொன்று கூடிவிட்டன. வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "பாதியை இந்த வருடமே வெட்டிவிடு, இல்லையென்றால் எல்லாம் மூங்கிலாக நிற்கும்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் ஊற்றி வளர்த்ததை எப்படி வெட்டுவது? விட்டுவிட்டேன். பதினாறாம் வருடம் சாமில் (மரம் அறுக்கும் ஆலை) வைத்திருக்கும் ஒரு தவுக்கேயை, அதாவது சீன முதலாளியை, அழைத்துக் காட்டினேன். அவர் டேப்பை எடுத்து ஒரு வரிசை முழுக்க அளந்தார், முப்பது அங்குலத்தைத் தாண்டியது இரண்டே மரம். அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குடுமி அளவுக்குத்தான் இலை. வேலிக் கம்பத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அப்புறம்தான் பாதியை வெட்டினேன், ஆனால் உச்சி அந்த அளவுக்குச் சுருங்கிப்போன மரம் வெளிச்சம் கிடைத்தாலும் பழையபடி பெருப்பதில்லை. அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் பேச்சைக் கேட்காமல் போனது இன்றும் உறுத்துகிறது.

சரி, உங்கள் நிலத்துக்கு வருவோம். தேக்கு இந்தியா, மியன்மார், தாய்லாந்து, லாவோஸ் பக்கத்து மரம். வருடத்தில் மூன்றிலிருந்து ஐந்து மாதம் நல்ல வெயில் காய்ச்சல் வேண்டும், இலை உதிர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் மரம் நேராகவும் தரமாகவும் வரும். இங்கே அந்த மாதிரி வறட்சி ஓரளவு கிடைப்பது பெர்லிஸ், வட கெடா, லங்காவி பக்கம்தான். அங்கே சுண்ணாம்புக் கல் மண்ணும் உண்டு, தேக்குக்கு அது ரொம்பப் பிடிக்கும். நம் பேராக்கில் மாதம் தவறாமல் மழை, மண்ணோ புளித்த மண். வளராது என்று சொல்லவில்லை, வளரும், ஆனால் சுண்ணாம்பு போட வேண்டும், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நடவே கூடாது.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. உங்கள் நிலம் பழைய ரப்பர் நிலம். நீங்கள் தோட்டத்திலேயே இருந்தவர், வெள்ளை வேர் நோய் என்றால் உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அடிமரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தட்டுத் தட்டாகக் காளான் வருமே, வேரைத் தோண்டினால் வெள்ளை நூல் படர்ந்திருக்குமே, அதேதான். அந்தக் காளான் ரப்பரை மட்டும் பிடிப்பது இல்லை, தேக்கையும் பிடிக்கும். பழைய கட்டை மண்ணுக்குள் இருக்கும்வரை அது அங்கேயே உயிரோடு காத்திருக்கும். கட்டைகளைப் பெயர்த்தெடுக்காமல், குழியில் கந்தகத் தூள் போடாமல், எந்த மரத்தையும் அங்கே நடாதீர்கள்.

அப்புறம் காகிதம். கிராண்டை (நிலப் பட்டாவை) எடுத்து நிபந்தனை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ரப்பர் என்று குறிப்பிட்டிருந்தால் பயிரை மாற்றுமுன் பெஜபாட் தானாவில் (நில அலுவலகத்தில்) கேட்க வேண்டும். விற்கும் நாளில் மரம் லோரியில் ஏறி ரோட்டுக்கு வர வனத்துறையின் அனுமதியும் வேண்டும், சொந்த நிலத்து மரம் என்றாலும் சரி. இதை இன்றைக்கே போய்க் கேட்டு வையுங்கள், பதினைந்து வருடம் கழித்துக் கேட்பதற்கு இல்லை.

என் முடிவு: மூன்று ஏக்கரையும் தேக்கில் போடாதீர்கள். ஆசையாக இருந்தால் எல்லை ஓரமாக ஒரே வரிசை, பத்தடிக்கு ஒன்று நடுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் கிடைப்பதால் எல்லை மரம் நன்றாகப் பருக்கும், கவாத்து செய்யவும் ஒரு காலை நேரம் போதும். உள்ளே, பால் வெட்டவும் பிறகு பலகைக்கு விற்கவும் ஆகிற புது ரக ரப்பரைப் பற்றி ரிஸ்டாவில் (ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு வாரியத்தில்) விசாரியுங்கள். ஏஜண்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் விற்ற கன்றில் பதினைந்து வயதான மரம் எங்கே நிற்கிறது, போய்ப் பார்க்கலாமா?

கேள்வி: சார், நாலு வருடம் முன்பு அரை ஏக்கரில் மகோகனி நட்டேன். உச்சிக் கொழுந்து கருகிக் கருகிச் சாய்கிறது. பூச்சிமருந்து அடித்தும் நிற்கவில்லை. ஒவ்வொரு மரமும் இப்போது மூன்று நாலு கவட்டையாக நிற்கிறது. என்ன செய்வது?
(கூலிம் வாசகர்)

பதில்: தம்பி, கருகிய கொழுந்து ஒன்றைக் கிள்ளி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் இருக்கும் மென்மையான பகுதி குடைந்து போயிருக்கும், உள்ளே ஒரு புழு இருக்கும், வெளியே துளை வாயில் மரத்தூளும் எச்சமும் நூலாம்படையில் ஒட்டித் தொங்கும். இது கொழுந்து துளைப்பான். அந்துப்பூச்சி இரவில் இளங்கொழுந்தில் முட்டை வைக்கும், புழு பொரிந்ததும் நேராக உள்ளே போய்விடும், அதனால்தான் மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடுவதில்லை. காசு வீண், மருந்தை நிறுத்துங்கள்.

மரம் சாகாது. ஆனால் உச்சி போனதும் பக்கத்திலிருந்து நாலு துளிர் கிளம்பும், அதுதான் உங்கள் கவட்டை. சாமில்காரர் பார்ப்பது தரையிலிருந்து முதல் பதினைந்து இருபதடி நேராக இருக்கிறதா என்றுதான், அந்த உயரம் தாண்டிய பிறகு பூச்சி வந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஆகவே உங்கள் போராட்டம் அந்த இருபதடிக்குள். பாதித்த கொழுந்தைத் துளைக்குக் கீழே பச்சை மரம் தெரியும்வரை வெட்டுங்கள், வெட்டியதைத் தோட்டத்திலேயே போட்டுவிடாமல் பிளந்து புழுவை நசுக்குங்கள். கிளம்பும் துளிர்களில் நேராக, தடிப்பாக இருக்கும் ஒன்றை விட்டு மற்றதை எல்லாம் கிள்ளிவிடுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை சுற்றி வாருங்கள். அரை ஏக்கர் என்பதால் உங்களால் இது முடியும், ஐம்பது ஏக்கர்காரரால் முடியாது.

அடுத்த முறை நடும்போது மொட்டை வெயிலில் மகோகனியை மட்டும் நடாதீர்கள். கொஞ்சம் பக்க நிழல் இருக்கிற இடத்தில், வேறு மரங்களின் ஊடே நட்டால் அடி குறையும். ஃபிஜி தீவில் மகோகனிக் காடே வளர்த்திருக்கிறார்கள், அங்கே இந்தத் துளைப்பான் கிடையாது. நம் ஊரிலோ அது முன்பே இருந்த பூச்சி, மகோகனி பின்னால் வந்த மரம்.

அப்புறம், உங்களிடம் இருப்பது எந்த மகோகனி என்று எழுதவில்லை. நம் ஆட்கள் இரண்டு வேறு மரங்களையும் மகோகனி என்றே சொல்கிறார்கள். காய் பெரிதாக, வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்று, உள்ளே இறக்கை வைத்த கசப்பு விதை இருந்தால் அது தென்னமெரிக்க மகோகனி, மலாய்க்காரர்கள் துன்ஜுக் லாங்கிட் என்று மருந்துக்கு வைத்திருப்பார்களே அதுதான். காய் உருண்டையாக, சின்னதாக இருந்தால் அது ஆப்பிரிக்க மகோகனி, காயா என்பார்கள். இரண்டும் நம் வேப்ப மரத்தின் குடும்பம். இரண்டையும் இந்தப் புழு விடாது.

கேள்வி: அகாசியா மங்கியம் ஏழெட்டு வருடத்தில் வெட்டலாம் என்கிறார்களே, சிறு நிலத்துக்கு ஏற்றதா?
(பீடோர் வாசகர்)

பதில்: இல்லை. 1966இல் ஆஸ்திரேலியாவிலிருந்து சபாவுக்கு வந்த மரம், வளர்ச்சி அசுர வேகம். அந்த வேகத்தை நம்பி 1982இல் தீபகற்பத்தில் அரசாங்கமே பெரிய அளவில் நட்டது, பதினைந்து வருடத்தில் பலகை மரம் எடுக்கலாம் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். வெளியே பார்க்க வாட்டசாட்டமாக நின்ற மரங்களை அறுத்தால் நடுவில் உளுத்துப்போயிருந்தது. செத்த கிளை ஒடிந்த இடத்தின் வழியாகக் காளான் உள்ளே இறங்கிவிடுகிறது. 1992இல் புதிதாக நடுவதை நிறுத்திவிட்டார்கள். சபாவிலும் இந்தோனேசியாவிலும் பிறகு இன்னொரு வாடல் நோய் வந்து, பல பெரிய கம்பெனிகள் யூகலிப்டஸுக்கு மாறிவிட்டன. காகிதக் கூழுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நடுகிறவர்களுக்கு உரிய மரம் அது, உங்களுக்கும் எனக்கும் இல்லை.

கேள்வி: ஐயா, நான் ஐந்தாம் படிவ மாணவி. வெளிநாட்டு மரங்கள் நம் நாட்டில் சொந்த நாட்டைவிட நன்றாக வளர்வது ஏன்?
(சுங்கை சிப்புட் மாணவி)

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய் அம்மா. எல்லா மரமும் அப்படி இல்லை, மேலே மகோகனியின் கதையைப் பார்த்திருப்பாய். மரம் வரும்போது அதன் எதிரியும் கூட வந்ததா என்பதைப் பொறுத்தது. உன் ஊரிலிருந்து அரைமணி நேரத்தில் கோலகங்சார் போய்விடலாம், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது, ஆசிரியரிடம் சொல்லி ஒரு நாள் போய்ப் பார். 1876இல் பிரேசிலிலிருந்து விக்கம் என்பவர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், அங்கே முளைத்ததில் சில 1877இல் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்தன. விதை வந்தது, ஆனால் பிரேசிலில் ரப்பர் இலையை அழிக்கும் கருகல் நோய் கூட வரவில்லை. அதே பிரேசிலில் கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928இல் காட்டை வெட்டிப் பெரிய ரப்பர்த் தோட்டம் போட்டார், மரங்களை நெருக்கி நட்டதும் அந்த நோய் பற்றிக்கொண்டது, 1945இல் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இன்றும் தென்னமெரிக்காவிலிருந்து ரப்பர்ச் செடி எதுவும் சுலபமாக இங்கே வந்துவிட முடியாது, அந்த ஒரு நோய்க்குப் பயந்துதான்.

உன் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தது அந்த மரத்துக்காகத்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள். தேக்கும் அப்படி ஒரு பயணி. மலபாரில் நிலம்பூரில் 1840களிலேயே வெள்ளைக்காரர்கள் அதை வரிசையாக நட்டு வளர்த்தார்கள், ஆங்கிலத்தில் டீக் என்கிறார்களே, அந்தப் பெயரே நம் பக்கத்துத் தேக்கு என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

கேள்வி: அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் ரப்பர், இருபத்தெட்டு வயது மரங்கள். பால் குறைந்துவிட்டது. ஒரு வியாபாரி மொத்தமாக ஒரு தொகை சொல்லி, நாளைக்கே வெட்டுகிறேன், ரப்பர் மரம் சீக்கிரம் கெட்டுவிடும், தாமதித்தால் விலை இல்லை என்று அவசரப்படுத்துகிறார். நான் தனியாக இருக்கிறேன், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.
(கோலகங்சார் வாசகி)

பதில்: தங்கச்சி, முதலில் அவரிடம் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதனால் வெட்டிச் சில நாளிலேயே நீலக்கறை பிடிக்கும், துளைக்கும் பூச்சி வரும். உடனே அறுத்து, போரான் மருந்தில் அழுத்தி ஊறவைத்து, சூளையில் உலர்த்த வேண்டும். அந்த முறை வருவதற்கு முன்பு நம் ஆட்கள் அதை விறகாகத்தான் எரித்தார்கள், புகைக் கொட்டகைக்கும் செங்கல் சூளைக்கும் போனது போக மீதி காட்டிலேயே மக்கியது. இன்று மூவாரில் செய்து கப்பலேறும் மேசை நாற்காலியில் பெரும்பகுதி இந்த மரம்தான். ஆனால் கெட்டுவிடும் என்பது விழுந்த மரத்துக்கு. நிற்கும் மரத்துக்கு எந்த அவசரமும் கிடையாது, இரண்டு மாதம் தாமதித்தால் ஒன்றும் ஆகிவிடாது. அவசரம் வெட்டிய பிறகு உங்களுக்கு வரும், அப்போது விலையைக் குறைத்தால் உங்களால் மறுக்க முடியாது. அதனால் முழுப் பணமும் கைக்கு வராமல் ஒரு மரத்திலும் செயின்சா படக்கூடாது.

இந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டியது: நாலு ஏக்கரிலும் மரத்தை எண்ணுங்கள், நிற்பதை மட்டும். சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட்டுக்கொண்டே போனால் இரட்டையாக எண்ண மாட்டீர்கள். முப்பது மரத்தில் நெஞ்சு உயரத்தில் தையல் டேப்பைச் சுற்றி அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கத்தி ஆழமாகப் பட்டு முண்டு முண்டாக இருக்கும் அடிப்பகுதிக்கு விலை குறைப்பார்கள், அது நியாயம்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிஸ்டா அலுவலகத்தில் மறுநடவு உதவி பற்றிக் கேளுங்கள், உதவிக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் வெட்ட வேண்டுமா என்பதையும் மறக்காமல் கேளுங்கள், முந்திக்கொண்டு வெட்டிவிட்டால் சிக்கலாகலாம்.

அப்புறம் அந்த நோட்டோடு குறைந்தது மூன்று வியாபாரிகளிடம் விலை கேளுங்கள். மரம் எத்தனை என்று நீங்களே சொல்லும்போது அவர்கள் பேசும் விதமே மாறும். எழுதி வாங்க வேண்டியவை: கட்டைகளைப் பெயர்ப்பது யார், கிளைகளை அகற்றுவது யார் (திறந்தவெளியில் எரித்தால் சட்டப்படி குற்றம், அபராதம் உங்கள் பெயரில் வரும்), லோரி வரும் பாதை உடைந்தால் யார் சரிசெய்வது, எத்தனை நாளில் முடிப்பார்கள், வனத்துறை அனுமதிக்கு ஓடுவது யார். வாய்வார்த்தைக்கு ஆயிரம் அர்த்தம், காகிதத்தில் கையெழுத்து வேண்டும். பேச்சு நடக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணனையோ கோயில் கமிட்டியில் தெரிந்த ஒருவரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அளந்த கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள், நானும் இங்கே இரண்டு இடத்தில் விலை கேட்டு உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.